கண்டெடுத்த தையல் மெசின்

"ரீச்சர், எனக்கு இது சரிவராது போல கிடக்கு," என்றார் தில்லையம்பலம்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறி ஓய்வுபெற்றபின், கலை படிக்க வந்தவர். ரீச்சர் யோகமலருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

யுத்தம் முடிந்தபின், சனம் விட்டுவிட்டு ஓடிய சாமான்களைக் கொண்டு கலை செய்தவர் யோகமலர். நசுங்கிய வாளி, சைக்கிள் றிம், பாதிக் கதவு. எதையும் கழுவமாட்டார். நிறம் பூசமாட்டார். கண்டபடியே எடுத்து வைப்பார்.

யாழ்ப்பாணத்தில் பலருக்கு அது கலையாகவே தெரியவில்லை. அவர் அதற்காகக் கவலைப்படவுமில்லை.

"ஏன் சரிவராது?"

"நான் எதைக் கொண்டுவந்தாலும், எடுத்த இடத்திலயே வையுங்கோ எண்டுறியள்."

"நீங்கள் சாமான் கொண்டுவாறேல்லை, அண்ணை. கருத்துக் கொண்டுவாறியள்."

உண்மைதான். ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து "இது இடப்பெயர்வு" என்றிருந்தார். கருகின பானையைக் கொண்டுவந்து "இது பசி" என்றிருந்தார்.

தில்லையம்பலம் மறுபடியும், யுத்தம் நடந்த வன்னிக்கு பஸ் ஏறினார்.

கடல்நீர்க் களப்பு ஓரம், மணலுக்குள் ஒரு தையல் மெசின் புதைந்து கிடந்தது. மேசை இல்லை, ஊசி இல்லை, தலை மட்டும். அதன் பின்பக்கம் முழுக்க மெல்லிய கீறல்கள், துருவோடு கலந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி.

அவருக்குச் சொல்ல எதுவும் வரவில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அதைக் கொண்டுவந்தபோது யோகமலர் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். ஒரு வெள்ளைப் பீடத்தை இழுத்து முன்னால் வைத்தார்.

கீறல்கள் பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி, பின்பக்கத்தை முன்னால் திருப்பி, பீடத்தில் திருகாணி போட்டு முடுக்கினார் தில்லையம்பலம். ஒரு மட்டையில் "பெயரற்றது" என்று எழுதிப் பக்கத்தில் வைத்தார்.

வாசிகசாலை மண்டபத்தில் கண்காட்சி. கொழும்புக் கலைக்கூடம் ஒன்றிலிருந்து வந்த ஒருவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு மெசினுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதைப் பாரிசில காட்ட அனுப்புவம். கண்காட்சி முடிய லொறி வரும்."

தில்லையம்பலம் கனடாவிலிருக்கும் மகனுக்கு அப்போதே ரெலிபோன் எடுத்தார்.

அடுத்த நாள் மழை. நனையாமல் ஒதுங்குவதற்காக ஒரு பெண் மண்டபத்துக்குள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் மரக்கறிப் பை.

பீடத்தில் இருந்த மெசினைக் கண்டதும் பையைக் கீழே வைத்தாள். கிட்டப் போனாள். கீறல்களில் விரலை வைத்தாள்.

"தொடக்கூடாது, தங்கச்சி," என்றார் தில்லையம்பலம்.

"இது என்ர மெசின்."

"இப்பிடி எத்தினையோ மெசின் கிடந்தது."

அவள் திரும்பவில்லை. விரல் மெதுவாக நகர்ந்தது.

"நான் இருந்து தைக்கேக்க மகள் மெசினுக்கு அங்கால இருந்து ஊசியால கீறுவாள். மெசினைப் பழுதாக்கிறாய் எண்டு அடிச்சனான். பாருங்கோ, தன்ர பேரை எழுதியிருக்கிறாள். ஆ... ர... ணி."

தில்லையம்பலம் குனிந்து பார்த்தார். எத்தனையோ நாள் பார்த்த கோடுகள். இப்போது அவருக்கு அங்கே கோடுகள் தெரியவில்லை, பேர்தான் தெரிந்தது.

யோகமலர் வந்தார். கையில் ஸ்குறூ டிறைவர். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார்.

"கொண்டு போங்கோ, அக்கா. பாரம். ஓட்டோ பிடிச்சுத் தாறம்."

தில்லையம்பலம் அவரைப் பக்கத்துக்குக் கூப்பிட்டார்.

"ரீச்சர், இது என்ர முதல் படைப்பு. லொறி வருது. கண்டெடுத்தது நானெல்லோ?"

"ஓம், அண்ணை," என்றார் யோகமலர். "இப்ப அவவும் கண்டெடுத்திட்டா."



தில்லையம்பலம் மெசினை இரண்டு கையாலும் தூக்கினார். ஓட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு தானும் போனார். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் ஒரு கை மெசின்மேல் இருந்தது. மகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவளுடையது ஓர் அறை வீடு. ஜன்னலடியில் மேசை, அதற்கு முன்னால் ஒரு கதிரை. கதிரையில் இருந்து தைப்பவருக்கு முன்பக்கம் வரும்படி மெசினை மேசையில் வைக்கப்போனார்.

"அப்பிடி வேண்டாம், ஐயா."

"ஏன்?"

"நீங்கள் அங்க வைச்ச மாதிரியே வையுங்கோ. நான் ஒருநாளும் அந்தப் பக்கம் போய்ப் பாக்கேல்லை."

அவர் திருப்பி வைத்தார். ஜன்னல் வெளிச்சம் சரியாக விழும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்.

அந்தப் பெண் கதிரையில் இருந்தாள்.

போகத் திரும்பிய கால் போகவில்லை. தில்லையம்பலம் மூலையில் கிடந்த முக்காலியை எடுத்துவந்து, பக்கத்தில் போட்டு, தானும் இருந்தார்.