நனையாத கயிறு

அந்தக் கரையில் மோட்டார் பழுது பார்க்கும் செசிலியாவை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் அழைத்தார்கள். கஸ்பார் அவரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவரிடம் தொழில் கற்க வந்து உட்கார்ந்தார்.

காரணம் பயம். போன வருடம், கரைத் தென்னைகள் தெரிகிற தூரத்திலேயே அவருடைய வள்ளத்தின் மோட்டார் நின்றுபோனது. காற்று வள்ளத்தை ஆழ்கடலுக்கு இழுத்துப் போனது. ஒரு கப்பல் பார்த்து மீட்டது. கூடப் போயிருந்த மச்சான் ரூபன் அதற்குப் பிறகு கடலில் கால் வைக்கவில்லை. கஸ்பார் போய்க்கொண்டிருந்தார். ஆனால் மோட்டார் ஒருமுறை இருமினால் அவர் வாய் உலர்ந்துவிடும்.

ஊரே சாலையில் மறியலுக்கு உட்கார்ந்து, தடியடி வாங்கி அரசிடமிருந்து பெற்றது ஒரே ஒரு புது மோட்டார். குலுக்கலில் அது கஸ்பாருக்கு விழுந்தது. கார்புரேட்டர் வைத்ததா, இன்ஜெக்‌ஷன் வைத்ததா, எந்த வகை வேண்டும் என்று அன்று சாயங்காலத்துக்குள் மீனவர் சங்கத்தில் சொல்ல வேண்டும். நிற்காத மோட்டார் என்றால் தானும் கடலுக்கு வருவதாக ரூபன் சொல்லியிருந்தார்.

"கார்புரேட்டர்னா நானே கழத்தி மாட்டிக்கிடுவேன். ஆனா அடைச்சுக்கிடும்" என்றார் கஸ்பார். "இன்ஜெக்‌ஷன் அடைக்காதுன்னு கம்பெனிக்காரன் சொல்றான். நின்னா மட்டும் கம்ப்யூட்டர் வச்சுத்தான் பாக்கணுமாம். நடுக்கடல்ல கம்ப்யூட்டருக்கு எங்க போக? எதை எடுக்க, மேஸ்திரி?"

செசிலியா கையைத் துடைத்துக்கொண்டு எண்ணெய் டேங்கைத் தூக்கி கஸ்பாரின் வள்ளத்தில் வைத்தார். அதன் மூடியைச் சரிபார்த்தார். பார் வரைக்கும் போய் வருவோம் என்றார். பார் என்பது நீருக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. அலை அங்கே வெள்ளையாக உடையும்.

கஸ்பாரைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும்படி கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டார்கள். சிரிப்பு வெகுதூரம் கூடவே வந்தது.

பாருக்கு முன்னால் மோட்டார் இருமியது. பிறகு நின்றது.

கஸ்பார் உடனே மோட்டாரின் மேல்மூடியைத் திறந்து கார்புரேட்டரைக் கழற்றினார். அதற்குள் இருக்கும் பித்தளை ஜெட்டை எடுத்து ஊதினார். சுத்தமாக இருந்தது. மறுபடியும் ஊதினார். ஒரு திருகு விரலிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

செசிலியா பார்த்துக்கொண்டிருந்தார்.

அலை உடையும் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கஸ்பார் நிமிர்ந்தார். வெள்ளை நுரை கிட்டத்தில் தெரிந்தது.

"ஏதாச்சும் சொல்லுங்க, மேஸ்திரி."

செசிலியா டேங்க் மூடியில் இருந்த சிறு திருகைத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"காத்து போற வழி. கரையிலயே நான்தான் அடைச்சேன். காத்து போகலன்னா எண்ணெய் வராது."

கஸ்பார் கையிலிருந்த கார்புரேட்டரைப் பார்த்தார்.

"இன்ஜெக்‌ஷனா இருந்தா?"

"அதுவும் நின்னிருக்கும்."

கஸ்பார் கார்புரேட்டரைக் கீழே வைத்தார். "அப்ப நிக்காத மோட்டார்னு நான் ரூபன்கிட்ட எதைச் சொல்ல?"

செசிலியா எழுந்து முன்பக்கம் போனார். கயிற்றோடு கிடந்த நங்கூரத்தைத் தூக்கிக் கடலில் போட்டார். கயிறு சரசரவென்று ஓடி, இறுகியது. வள்ளம் திரும்பி நின்றது. அதன்பின் பார் நெருங்கி வரவில்லை.

கஸ்பார் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மோட்டார் நின்னதும் முதல்ல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் செசிலியா.

"கழத்தினேன்."

செசிலியா ஈரக் கயிற்றில் கை வைத்தார்.

"கப்பல்காரன் உங்கள ஏத்தும்போது இந்தக் கயிறு நனைஞ்சிருந்துதா, அண்ணே?"