முப்பத்தொன்றாம் புள்ளி

“ஒண்ணுமே வராத இடத்துக்கு வருஷா வருஷம் எதுக்கு மேடம் போறீங்க?”

மதிவாணன் கேட்டான்.

சலேத் மேடம் மீன் அளக்கும் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்த இடம்?”

“முப்பத்தொண்ணு.”

“நீங்க அதைப் பாத்திருக்கீங்களா சார்?”

“தினமும் பாக்கறேன்.”

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, கடலில் ஓர் இடத்தில் விரலை வைத்தான். விரலுக்கு அடியில் நீலம் மட்டுமே இருந்தது.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“வியாழக்கிழமை படகு போகுது. வாங்க.”

*

மதிவாணனுக்கு நாற்பத்தெட்டு வயது. குளிர்தேசத்துத் துறைமுக நகரம் ஒன்றில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பியிருந்தான். இங்கே, கடலோர ஊர் ஒன்றின் மீன்வள ஆய்வு நிலையத்தில், ஒரு வருட ஒப்பந்தம்.

வேலை இதுதான். நிலையத்தின் படகு ஒவ்வொரு வருடமும் கடலில் எண்ணிட்ட அறுபது இடங்களுக்கு, அவர்கள் பேச்சில் அறுபது புள்ளிகளுக்கு, போகும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மணி நேரம் இழுவலையை இழுத்து, வந்த மீனை எடை போட்டுத் தாளில் எழுதும். இருபத்தைந்து வருடத் தாள்கள் சேர்ந்திருந்தன. அவற்றை யாரும் தொட்டுப் பார்க்கும்படி ஒரு செயலியாக்க வேண்டும். திரையில் வருடத்தை நகர்த்தினால் கடல் மாறும். மீன் அதிகமென்றால் பெரிய வட்டம், குறைவென்றால் சின்ன வட்டம்.

செய்து முடித்து எட்டு மாதமாகிவிட்டது. அதுவரை செயலியைத் திறந்தவர்கள் இரண்டு பேர் என்று எண்ணிக்கை காட்டியது. ஒருவன் அவன். மற்றவர் யாரென்று ஆவலோடு தேடினான். அதுவும் அவன்தான், அறையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து.

அவனுக்கு மீன் தெரியாது. சொல்லிக்கொடுத்தவர் சலேத். ஆய்வுப் படகுக்குப் பொறுப்பாளர். அவனைவிட ஒன்பது வயது இளையவர். காரல் எது, நகரை எது என்று நோட்டும் கையுமாக அவர் எதிரில் உட்கார்ந்து படித்தான். அவர் அவனை சார் என்பார். அவன் அவரை மேடம் என்பான். பல நாட்களில் அந்த ஊரில் அவனோடு பேசியவர் அவர் ஒருவர்தான், மெஸ்ஸில் பரிமாறுகிறவர் “சாம்பாரா ரசமா” என்று கேட்பதைச் சேர்க்காவிட்டால்.

வரும் திங்கட்கிழமை ஒரு கூட்டம். தொடர்ந்து பத்து வருடம் மீனே வராத புள்ளியை ஆய்விலிருந்து நீக்கிவிடலாம், டீசலாவது மிஞ்சும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. நீக்க வேண்டியவற்றின் பட்டியலைச் செயலியே தரட்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும்.

செயலி தந்த பட்டியலில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. முப்பத்தொன்று.

பதினான்கு வருடம். பதினான்கு பூச்சியம். பதினான்கு தாளிலும் சலேத்தின் கையெழுத்து.

*

அன்று மாலை சலேத் அவன் மேசைக்கு வந்தார். முப்பத்தொன்றில் விரலை வைத்தார்.

“இங்க ஏன் ஒண்ணும் இல்ல?”

“அங்க மீன் இல்ல மேடம்.”

விரலைத் திரையின் ஓரத்துக்கு நகர்த்தினார். படகு ஒருநாளும் போயிராத ஆழ்கடல்.

“இங்க?”

“அங்க நீங்க போகவே இல்ல.”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே சார்.”

அவன் பார்த்தான். இரண்டும் ஒரே நீலம். பூச்சியத்துக்கு வட்டமே விழவில்லை என்பதை எட்டு மாதமாக அவன் கவனித்ததில்லை.

அவர் பக்கத்திலேயே நின்றார். அவன் மாற்றினான். பூச்சியத்துக்கு, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு வளையம். முப்பத்தொன்றைத் தொட்டதும் கீழே வருட வரிசையில் பதினான்கு வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

“இப்ப சரியா மேடம்?”

அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

“இப்பவும் தப்பா?”

“உங்க தப்பு இல்ல சார்.”

*

வியாழக்கிழமை விடியலில் படகு கிளம்பியது. ஓட்டியவர் ஸ்ராங்கு ஜெபஸ்தியான், இந்தப் படகு வாங்கிய நாளிலிருந்து இதிலேயே இருப்பவர்.

“வெளிநாட்டு சாரு வந்துட்டாவளா! வயித்தப் பெரட்டுனா காத்தடிக்கிற பக்கமா குனியாதிய. எல்லாருக்கும் பங்கு வந்துரும்.”

வழியில் இரண்டு புள்ளிகள். இரண்டிலும் வலை நிறைய மீன் வந்தது. மதிவாணன் கைகளில் செதில் ஒட்டிக்கொண்டது. காற்றுக்கு முதுகு காட்டி இரண்டு முறை குனியவும் செய்தான்.

உச்சி வெயிலில் ஸ்ராங்கு படகின் வேகத்தைக் குறைத்தார்.

“இதுதானா?”

“இதுதான்,” என்றார் சலேத்.

கரை தெரியவில்லை. பறவைகூட இல்லை. மற்ற இடத்துத் தண்ணீர் போலவே இருந்தது.

“ஒரு மிதவையாவது கட்டி வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

“நம்பர் நாம வச்சது சார். கடலுக்குத் தெரியாது.”

ஜெபஸ்தியான் தலையை வெளியே நீட்டினார்.

“இங்க முன்னெல்லாம் காரல் கொட்டும் சார். மேடம் வேலைக்கு வந்தாவ, மீனு போயிட்டு.” சிரித்தார். “ஏம்மா, பேசாம ஒரு சைபர எழுதிட்டுத் திரும்பிருவமா? நாலு மணிக்கெல்லாம் வீட்டுல கால நீட்டிருவேன்.”

“வலைய இறக்குங்க அண்ணே.”

கயிற்றை விடும் வின்ச் சுற்றியது. வலை போனது. கயிறும் போய்க்கொண்டே இருந்தது, பிறகு நின்றது.

சலேத் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒரு மணி நேரம்.”

செய்வதற்கு ஒன்றுமில்லை. மதிவாணன் கைப்பேசியை எடுத்தான். சிக்னல் இல்லை. பையில் வைத்தான். மறுபடி எடுத்தான்.

“வீட்டுல யாரு சார் இருக்கா?”

“யாருமில்ல மேடம்.”

“எப்பவுமே இல்லையா?”

“முன்னால இருந்தாங்க.”

என்ஜின் ஒரே குரலில் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் தலையிலிருந்து தோளுக்கு இறங்கியது. செயலியில் இந்த ஒரு மணி நேரம் ஒரு வளையம். விரல் பட்டால் அடுத்த வருடத்துக்குத் தாவிவிடும்.

“பதினாலு வருஷமும் இப்படித்தான் உக்காந்திருந்தீங்களா?”

சலேத் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு சார்.”

*

வலை ஏறியது. மீன் சேரும் அதன் மடியை அவிழ்த்தார்கள்.

சேறு. உடைந்த சிப்பிகள். மீன் கணக்கில் வராத, கூழ் போன்ற நாலைந்து சொறி. ஒரு பிளாஸ்டிக் மூடி.

சலேத் மண்டியிட்டுச் சேற்றைக் கையால் அலசினார். ஒரு மூலையையும் விடவில்லை. அலசி முடித்ததும் காலிக் கூடையைத் தூக்கித் தராசில் வைத்தார்.

“எவ்வளவு சார்?”

“காலிக் கூடைதானே மேடம்.”

“எவ்வளவுன்னு கேட்டேன்.”

கூடையின் எடையைத் தராசு முன்பே கழித்திருந்தது. மதிவாணன் குனிந்து படித்தான்.

“ஜீரோ.”

“எழுதுங்க.”

எழுதினான். அவர் சேறு படாத இரண்டு விரல்களால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மதிவாணன் முதுகை நிமிர்த்திக்கொண்டு சிரித்தான். “இவ்வளவு பாடுபட்டு ஒரு ஜீரோ. இறக்காமலே எழுதியிருந்தாலும் இதேதானே மேடம்.”

ஜெபஸ்தியான் அவசரமாகச் சுக்கான் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எழுதியிருக்கேன்,” என்றார் சலேத்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“எந்த வருஷம்?”

“ரெண்டாயிரத்துப் பதினாறு.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருந்தேன்.”

“கடல் மோசமா இருந்துச்சா?”

“குளம் மாதிரி கிடந்துச்சு.”

“வலை ஏதும் கிழிஞ்சு...”

“புது வலை.”

சலேத் கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டார்.

“அலுப்பா இருந்துச்சு சார். ஆறு வருஷமா ஒண்ணும் வரல. ஏழாவது வருஷம் எதுக்குன்னு இருந்துச்சு. இந்த இடம் வரைக்கும் வந்தோம். படகு நின்னுச்சு. நான் கூடையில உக்காந்தபடியே எழுதினேன்.”

“நான்தாம்யா சொன்னேன்,” ஜெபஸ்தியான் திரும்பாமலே சொன்னார். “எழுதிப் போடுங்க, வீட்டுக்குப் போவம்னு.”

“நீங்க வருஷா வருஷம்தான் சொல்லுதிய அண்ணே. எழுதினது நான்.”

மதிவாணன் மனதுக்குள் எண்ணினான். அந்த ஒரு வருடத்தை எடுத்துவிட்டால் அதற்கு முன்னால் ஆறு பூச்சியம். அதற்குப் பின்னால், இன்றையதையும் சேர்த்து, எட்டு. எங்கேயும் தொடர்ந்து பத்து இல்லை. முப்பத்தொன்று பட்டியலில் வராது.

அந்தக் கணக்கை அவர் தனக்கு முன்பே போட்டுவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.



*

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு சலேத் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“முப்பத்தொண்ணு. ரெண்டாயிரத்துப் பதினாறைத் திறங்க.”

“மேடம், நேத்து கடல்ல பயங்கரக் காத்து. யார் என்ன சொன்னாங்கன்னே என் காதுல விழல.”

“திறங்க சார்.”

திறந்தான். அவர் தானே விசைப்பலகையை இழுத்து, பூச்சியத்தை அழித்தார். ‘வலை இறக்கவில்லை’ என்று தட்டினார்.

வளையம் மறைந்தது. வரிசையின் நடுவில் ஓர் இடைவெளி. திரையின் மறுகோடியில், நீக்க வேண்டிய புள்ளிகளின் பட்டியல் காலியானது.

ஆனால் மாற்றம் இன்னும் பதிவாகவில்லை. காரணமும் பெயரும் தராமல் எந்தத் தாளையும் மாற்ற முடியாதபடி மதிவாணன்தான் செய்திருந்தான். புள்ளியைத் தொடுகிற எல்லோரும் அதைப் படிக்கலாம்.

பெயரை அவர் போட்டுவிட்டார். தேர்ந்தெடுக்கச் செயலி மூன்று காரணங்களை நீட்டியது. வானிலை. வலைப் பழுது. இயந்திரக் கோளாறு.

“வானிலைன்னு போடறேன்,” மதிவாணன் சுட்டியைப் பிடித்தான். “எட்டு வருஷத்துக்கு முந்தின காத்தை யாரு மேடம் போய்ப் பாக்கப் போறாங்க?”

“குளம் மாதிரி கிடந்துச்சுன்னு சொன்னேனே.”

“அப்ப வலைப் பழுது.”

“புது வலை சார்.”

“மேலிடத்துல படிப்பாங்க. உங்களை வேற ஊருக்குத் தூக்கிடுவாங்க. இனிமே எந்தப் படகுலயும் ஏத்த மாட்டாங்க.”

“புள்ளி இருக்கும்லா?”

“இருக்கும்.”

“அப்ப யாராவது போவாங்க.”

இவரும் போய்விட்டால் இந்த ஊரில் தன்னிடம் பேச யார் இருக்கிறார்கள் என்று அவன் நினைத்தான். வேறொன்றைச் சொன்னான்.

“அன்னைக்கு இறக்கியிருந்தாலும் ஜீரோதான் வந்திருக்கும் மேடம். முன்னாலயும் ஜீரோ, பின்னாலயும் ஜீரோ.”

சலேத் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு நகரை மீன் வந்திருந்தா?”

அவன் சுட்டியிலிருந்து கையை எடுத்தான்.

அவர் மூன்று காரணங்களையும் இன்னொரு முறை படித்தார்.

“இதுல அலுப்பு இல்லையே.”

“அது... அதையெல்லாம் காரணமா யாரும் வைக்க மாட்டாங்க மேடம்.”

“சேருங்க.”

“ஒரே ஒரு பதிவுக்காகவா? வேணும்னா கீழே குறிப்புல எழுதிடுங்க. பட்டியல்ல சேர்த்துட்டா அது எப்பவும் அங்கயே இருக்கும். திறக்கறவங்க எல்லாரும் பாப்பாங்க.”

“இருக்கட்டும் சார்,” என்றார் சலேத். “வேற யாருக்காவது தேவைப்படும்.”