விரால் நின்ற இடம்

சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்தே ஏகாம்பரத்துக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டால் தலைவரம்மா என்ன நினைப்பாரோ என்று அடக்கி வைத்திருந்தார்.

தலைவரம்மா என்றால் வேதநாயகி. பஜாரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஏரியில் சிலர் வெடி போட்டு மீன் பிடித்த காலத்தில் ஆத்திரப்பட்டு, தூண்டில் போடுகிறவர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். மீனைப் பிடிக்கவும் செய்வார்களாம், காப்பாற்றவும் செய்வார்களாம் என்று ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் இறங்கி, அறுந்து கிடந்த வலைகளை இழுத்துக் கரையில் போட்டார்.

ஏகாம்பரம் அவரைவிட வயதில் மூத்தவர். கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு, "ஏன் நேத்து வரலை?" என்று அவரைக் கேட்க இருந்த இடம் இந்தச் சங்கம் ஒன்றுதான்.

அன்று காலை அவர் தூண்டிலில் பெரிய விரால் மாட்டியது. வாழ்நாளில் அப்படி ஒன்று மாட்டியதில்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்கே போய்விட்டார். அந்தக் குஷியில் கேள்வியும் வாய்க்கு வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பிடிக்கிறதும் நாம, காப்பாத்துறதும் நாம. ரெண்டும் எப்படி ஒத்துப்போவும்?"

வேதநாயகி சட்டியைத் திறந்து பார்த்தார். "எங்கண்ணா மாட்டுச்சு?"

"மதகுக்கிட்ட. செவசெவன்னு குஞ்சுக்கூட்டம் மெதந்துச்சு. அதுக்கு நடுவுல தவளையைப் போட்டேன். ஒரே கவ்வு."

"குஞ்சு மெதக்கிற இடத்துல தூண்டில் போடக்கூடாதுன்னு சொன்னோமே."

"நான் குஞ்சைத் தொடவே இல்லம்மா. சின்னதை விட்டுட்டுப் பெருசைத்தான் எடுத்தேன்."

வேதநாயகி சட்டியை மூடி அவர் கையிலேயே கொடுத்தார். ஷட்டரை இறக்கிவிட்டு ஏரிப்பக்கம் நடந்தார். ஏகாம்பரம் ஒன்றும் விளங்காமல் பின்னால் ஓடினார்.

மதகோரம் குஞ்சுகள் சிவப்புத் திட்டாக மேலே வந்தன, கலைந்தன, மறுபடி அங்கேயே கூடின. அடியில் ஒரு கெளுத்தி புரண்டது. திட்டில் ஒரு ஓரம் காணாமல் போனது. கொக்குகள் வேறு வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன.

"ஓடிப் பொழைக்காம ஏன் இங்கேயே சுத்துதுங்க?" என்றார் ஏகாம்பரம்.

"கீழ காவலுக்கு நின்ன விராலைத் தேடுதுங்க."

தூக்குச்சட்டி ஏகாம்பரத்தின் கையில் இன்னும் சூடாக இருந்தது.

வேதநாயகி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, கிடந்த மூங்கில் கம்பு ஒன்றை எடுத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். குஞ்சுகளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று கம்பால் தண்ணீரை அடித்தார். கெளுத்தி விலகியது. கொக்குகள் எழும்பி, அடுத்த மரத்தில் போய் உட்கார்ந்தன.

"மேல வாங்கம்மா. எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"குஞ்சுங்க நெறம் மாறி, தனித்தனியாப் பிரியற வரைக்கும்."

"அதுக்கு வாரக்கணக்குல ஆவுமே."

"ஆவும்."

"ராத்திரி?"

"ராத்திரியானா விரால் வீட்டுக்கா போவும்?"

"ஒத்த ஆளு நின்னு என்னம்மா ஆவப்போவுது?"

"நீங்க எடுத்ததும் ஒத்த விரால்தானேண்ணா."

ஏகாம்பரம் சட்டியைக் கரையில் வைத்தார். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நாளையிலிருந்து தன்னைத் தேட ஒரு ஆள் இருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

"தெரியாம செஞ்சிட்டேம்மா. சங்கத்துல இருந்து என் பேரை எடுத்துடுவீங்களா?"

வேதநாயகி திரும்பிப் பார்க்கவில்லை. கண் குஞ்சுகள் மேலேயே இருந்தது.

"எடுத்துட்டா, விடிகாலையில என் டூட்டிய யாருண்ணா மாத்துவா?"