ஆக்சுவலா சிறுத்தை இல்ல

ஒரு மலையடிவாரக் காட்டுல ஒரு மடு இருந்துச்சு. மடுன்னா பாறைக்கு நடுவுல ஆழமா தண்ணி தங்குற இடம். கோடை வந்துட்டா அந்தக் காட்டுக்கே தண்ணின்னா அது ஒண்ணுதான்.

மடு கீழே பள்ளத்துல. மேலே ஒரு நாவல் மரம். மரத்தடியில நின்னா தண்ணி தெரியாது. சரிவுல இறங்கணும், பாதி வழியில ஒரு பெரிய பாறை வரும், அதைச் சுத்தி வளைஞ்சு இன்னும் கீழே போகணும். அப்பத்தான் தண்ணியும் தெரியும், தண்ணி ஓரமா யாராவது பதுங்கி இருந்தா அதுவும் தெரியும்.

பதுங்குறது யாரு? சிறுத்தைதான். வேற யாருக்கு அவ்வளவு பொறுமை?

அதனால அங்க ஒரு வழக்கம். சாயங்காலம் எல்லாரும் நாவல் மரத்தடியில வந்து நிப்பாங்க. முறைக்கு ஒருத்தர் தண்ணி வரைக்கும் இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வரணும். வந்து "இல்ல"ன்னு சொன்னா கூட்டம் இறங்கும். "இருக்கு"ன்னு சொன்னா நாக்கைச் சப்பிக்கிட்டு திரும்பிப் போகும். இன்னிக்கு மான், நாளைக்கு பன்னி, அடுத்து மயில், அப்புறம் நரி, முயல்னு முறை ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு புது வார்த்தையைக் கொண்டாந்தது மைனா. அவ குடியிருந்தது காட்டு பங்களா கூரையில. அங்க வர்ற ஆபீசருங்க பேசுறதைக் கேட்டுட்டு வந்து இங்க ஒப்பிப்பா.

"இன்னிக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைச்சுது"ன்னா மைனா. "ஆபீசர் வாட்ச்மேனைக் கேட்டாரு, யானை வேலியை உடைச்சதை நீ ஆக்சுவலி பார்த்தியா, இல்ல யாராச்சும் சொன்னாங்களான்னு. வாட்ச்மேன் சொன்னாரு, ஆக்சுவலா பார்த்தேன் சார், அங்கயேதான் நின்னேன்னு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டான் பன்னி. அவன் பேரு உருமன். எதையும் ரெண்டு தடவை சொன்னாத்தான் ஏறும்.

"ஆபீசர் கூட வந்த வாத்தியாரு சொன்னாரு. அந்த இங்கிலீஷ் வார்த்தை பொறந்ததே செயல்ங்கிறதுல இருந்துதானாம். வாயளவுல இல்லாம, செயல்ல நடந்ததுக்குத்தான் அந்த வார்த்தையாம்."

எல்லாருக்கும் வார்த்தை பிடிச்சுப் போச்சு. சொல்லும்போதே வாய் நிறையுது பாருங்க. அன்னிக்கே ஒரு முடிவு பண்ணாங்க. தண்ணி வரைக்கும் காலை வச்சுப் போய்ப் பார்த்தவங்க மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லணும். போகாதவங்க சொல்லக்கூடாது.

கொஞ்ச நாள் அப்படியே நடந்துச்சு. மான் போயிட்டு வந்து "ஆக்சுவலா இல்ல"ன்னு சொன்னா, அதுக்கு மேல யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. நேரா இறங்கி தண்ணியில வாயை வைப்பாங்க.

இதைக் கெடுத்தது நரி. பேரு சொக்கு.

ஒரு சாயங்காலம் சொக்கு முறை. செம வெயில். சரிவு முழுக்க கல்லு கொதிக்குது. பாறை வரைக்கும் போனான். பாறை நிழல்ல உக்காந்தான். காதைச் சொறிஞ்சான். 'நேத்தும் இல்ல, முந்தாநேத்தும் இல்ல. இன்னிக்கு மட்டும் எங்கிருந்து வரப்போவுது'ன்னு நினைச்சான். போயிட்டு வர்ற நேரம் ஆகட்டும்னு கொஞ்சம் உக்காந்துட்டு மேலே ஏறி வந்தான்.

"ஆக்சுவலா இல்ல" அப்படின்னான்.

எல்லாரும் இறங்குனாங்க. குடிச்சாங்க. ஒண்ணும் ஆகல.

ஒண்ணும் ஆகாததுதான் வினையே. ஏதாச்சும் ஆகியிருந்தா அன்னிக்கே திருந்தியிருப்பான்.

சொக்குக்கு ரகசியம் தாங்காது. உருமன்கிட்ட சொல்லிச் சிரிச்சான். "மாமா, பாறை வரைக்கும் போனா போதும் மாமா. அதுக்கு மேல போறவன் கிறுக்கன்."

உருமன் முறை வந்தப்போ அவன் பாறை வரைக்கும்கூட போகல. மரத்தடிப் புழுதியில புரண்டுக்கிட்டே ஒரு மூச்சு விட்டான். "ஆக்சுவலா இல்லப்பா, போங்க"ன்னான். அவனுக்குக் கொஞ்சம் வெக்கம் இருந்துச்சு. புழுதி அப்பியிருந்ததால வெளியே தெரியல.

மயிலும் அதையே பண்ணுச்சு. மானும் ஒரு நாள் குட்டிக்கு வயிறு சரியில்லைன்னு பாறையோட திரும்பிட்டா. முயல் ஒருத்திதான் ஒழுங்கா போயிட்டு வந்தா. அவ தவிட்டு நிறம், அதனால தவுட்டின்னு கூப்பிடுவாங்க. அவளுக்கு இந்தக் குறுக்கு வழி தெரியாது. யாரும் அவகிட்ட சொல்லல.

பொய்க்கு ஒரு தடவை கூப்பிட்டதும் அந்த வார்த்தை எல்லாத்துக்கும் வர ஆரம்பிச்சுது. "ஆக்சுவலா எனக்குப் பசிக்குது." "ஆக்சுவலா நேத்து ஒரு கனவு." மயிலு தொண்டையைச் செருமுறதுக்கு முன்னாடி ஒரு ஆக்சுவலா, செருமுன பிறகு ஒரு ஆக்சுவலா. நடந்ததுக்குச் சொன்ன வார்த்தை, நடந்திருக்கலாம்ங்கிறதுக்கு ஆச்சு. அப்புறம் நடக்காததுக்கு ஆச்சு. கடைசியில எவனாச்சும் ஆக்சுவலான்னு ஆரம்பிச்சாலே, சரி, புளுகப் போறான்னு காதை மடக்கிக்கிட்டாங்க.

மைனாதான் புலம்புனா. "நான் கொண்டாந்தப்போ எப்படி இருந்த வார்த்தை. இப்படித் தேச்சு வச்சிருக்கீங்களே."

"உங்க பங்களாவுல மட்டும் ஒழுங்கா இருக்காக்கும்?"னான் சொக்கு.

மைனா றெக்கையை மடக்கிக்கிட்டா. "அங்கயும் இப்படித்தான்"னு ஒத்துக்கிட்டா. "ஆபீசரு டீ கேக்கவே ஆக்சுவலின்னுதான் ஆரம்பிக்கிறாரு."

இதையெல்லாம் கவனிச்சுக்கிட்டு இருந்தது யாரு? சிறுத்தை. எதிர்ப்பக்கத்துக் குன்றுல படுத்துக்கிட்டு தினமும் பார்த்தான். முறைக்கு வர்றவங்க பாறையோட திரும்புறாங்க. தவுட்டி முறை மட்டும்தான் ஆபத்து, அந்த ஒரு நாளை விட்டுட்டு வந்தா போதும்னு கணக்குப் போட்டான். ஒரு நாள் மத்தியானமே இறங்கி வந்து, தண்ணி ஓரத்து மருத மரத்து வேருக்கு நடுவுல மண்ணோட மண்ணா படுத்துக்கிட்டான்.

பாவம், அவனுக்கு முறைக் கணக்கு தப்பிப் போச்சு. அன்னிக்கு தவுட்டி முறை.

தவுட்டி பாறையைச் சுத்தி இறங்குனா. தண்ணியைப் பார்த்தா. மரத்தைப் பார்த்தா. வேரு ஒண்ணு அசைஞ்சுது. வேருக்கு எதுக்கு வாலு?

ஒரே ஓட்டமா மேலே வந்தா. நாவல் மரத்தடியில மானு நின்னுக்கிட்டு இருந்தா. செம்பின்னு பேரு. அவ குட்டி மர நிழல்ல கால் மடங்கிக் கிடந்துச்சு. முந்தின நாள் கூட்ட நெரிசல்ல அதுக்குத் தண்ணி சரியா கிடைக்கல. நாக்கு வெளியே தள்ளி, கண்ணு சொருகி இருந்துச்சு. இன்னிக்கும் குடிக்கலைன்னா தாங்காது. அது எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, போகாதீங்க"ன்னா தவுட்டி. "ஆக்சுவலா சிறுத்தை இருக்கு."

உருமன் எழுந்து நின்னான். "ஆக்சுவலாவா? அப்ப இல்ல. வாங்க போலாம்."

"ஐயோ, ஆக்சுவலா ஆக்சுவலா இருக்கு."

"ரெண்டு தடவை சொன்னா ரெண்டு மடங்கு புளுகு"ன்னான் சொக்கு. "ஏன் புள்ள, நீயும் பாறையோட திரும்பிட்டியா? சொல்லுறதுதான் சொல்லுற, இல்லைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே. குட்டி தாகத்துல கிடக்கு."

"நான் எதுக்குப் பாறையோட திரும்பணும்?"

உருமன் வேற பக்கம் பார்த்தான். மயிலு இறகைக் கோதுச்சு. அப்பத்தான் தவுட்டிக்குப் புரிஞ்சுது.

"நெசமா இருக்கு"ன்னா.

"நெசமாவும் போன மாசமே தேஞ்சு போச்சு"ன்னுச்சு மயிலு.

"சத்தியமா."

"அது அதுக்கும் முன்னாடியே."

செம்பி குட்டியை மூக்கால தள்ளி எழுப்புனா. "தவுட்டி, நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. ஆனா நீ சொல்றதுதான் நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்? நாங்க எல்லாரும் இதே மாதிரிதானே சொன்னோம். இவனை இப்படியே வச்சிருந்தா விடியுறதுக்குள்ள போயிடுவான்."

சொல்லிட்டு சரிவுல இறங்க ஆரம்பிச்சா. குட்டி தள்ளாடிக்கிட்டு பின்னாடி போச்சு.

தவுட்டி அதுக்கு மேல வாயைத் திறக்கல. திறந்தாலும் உள்ளே என்ன மிச்சம் இருக்கு? பாஞ்சு அவங்களைத் தாண்டி ஓடுனா. பாறையைத் தாண்டுனா. நேரா மருத மரத்துக்கிட்டயே போயிட்டா. திரும்பி நின்னு, பின்னங்காலால மண்ணை வாரி சிறுத்தை மூஞ்சியில அடிச்சா.

சிறுத்தைக்கு மூக்குல மண்ணு. ஒரு தும்மல் போட்டான் பாருங்க, மடுவுல தவளையெல்லாம் தண்ணிக்குள்ள குதிச்சுது. எழுந்து நின்னான். உடம்பு பூரா தெரிஞ்சுது.

பாறையைச் சுத்தி வந்த செம்பி பார்த்துட்டா. கத்திக்கிட்டே குட்டியை முட்டி மேலே தள்ளுனா. குட்டிக்கு எங்கிருந்து தெம்பு வந்துச்சோ, அதுவும் ஏறிடுச்சு. சிறுத்தை தவுட்டி மேல பாஞ்சான். அவ சூரைமுள் புதருக்குள்ள நுழைஞ்சா. அவன் கையில கொஞ்சம் வால் முடியும், நிறைய முள்ளும்தான் வந்துச்சு.

செம்பி கத்துனதைக் கேட்டு எல்லாரும் பாறை மேல ஏறிப் பார்க்குறாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. கையை நக்கிக்கிட்டான். "ஆக்சுவலா எனக்குப் பசியே இல்ல" அப்படின்னு சொல்லிட்டு மெதுவா நடந்து போனான்.

அவன் குன்று ஏறி மறையுற வரைக்கும் பார்த்துட்டு, செம்பி குட்டியைக் கூட்டிட்டுப் போய் தண்ணி காட்டுனா. குட்டி குடிச்ச வேகத்துல அதுக்குப் புரையேறிடுச்சு. பொழைச்சுக்கிச்சு.

திரும்பி வந்து செம்பி நரி முன்னாடி நின்னா.

"நேத்து உன் முறை. எதுவரைக்கும் போன?"

"ஆக்சுவலா..."

"அது வேண்டாம். எதுவரைக்கும்?"

"பாறை வரைக்கும்"னான் சொக்கு.

"நான் அதுவும் போகல"ன்னான் உருமன். யாரும் அவனைக் கேக்கவே இல்ல.

"நானும் ஒரு நாள் பாறையோட திரும்பிட்டேன்"னா செம்பி. "அதனால யாரும் யாரையும் திட்டுறதுக்கு இல்ல. இனிமே வந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். பார்த்துட்டு வந்தவங்க எங்களுக்கு முன்னாடி நடங்க. முதல் வாய் தண்ணியை நீங்க குடிங்க. நாங்க பின்னாடி வர்றோம்."

"நல்ல யோசனை"ன்னான் சொக்கு. "யார்கிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்?"

"உன்கிட்ட இருந்து."

மறுநாள் சாயங்காலம் சொக்கு இறங்குனான். பழக்க தோஷம், பாறை நிழல்ல உக்காந்து காதைச் சொறிஞ்சுட்டு திரும்பி வந்தான்.

"இல்ல"ன்னான்.

"சரி, நட"ன்னா செம்பி.

நடந்தான். பின்னாடி மொத்தக் கூட்டமும். பாறை வந்துச்சு. சொக்கு நின்னுட்டான்.

"என்னடா?"ன்னான் உருமன்.

"கால்ல முள்ளு மாதிரி இருக்கு மாமா."

"முள்ளெல்லாம் சிறுத்தை கையிலதான் இருக்கு. நட."

சொக்கு பாறையைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். "இங்கயே நில்லுங்க"ன்னுட்டு தனியா கீழே போனான். மருத மரத்தைச் சுத்தி வந்தான். ஒவ்வொரு வேரையும் மோந்து பார்த்தான். புதருக்குள்ள தலையை விட்டான். எதிர்க் குன்றை நிமிந்து பார்த்தான். இவ்வளவு வேலை இருக்கான்னு அவனுக்கே ஆச்சரியம். அப்புறம் மேலே வந்து, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம, முன்னாடி நடந்து போய் தண்ணியில வாயை வச்சான். குட்டி வந்து பக்கத்துல குடிச்சுது.

"டேய், சிறுத்தை இல்லைதானே?"ன்னு பின்னாடி இருந்து கேட்டான் உருமன்.

சொக்கு தலையை நிமித்தாம குடிச்சுக்கிட்டு இருந்தான். அவன் வாயில அன்னிக்கு வார்த்தை ஒண்ணும் இல்ல, தண்ணிதான் இருந்துச்சு.

செய்யாத வேலைக்கெல்லாம் நல்ல வார்த்தையைச் செலவு பண்ணிட்டா, செஞ்ச வேலையைச் சொல்ல நமக்கு ஒரு வார்த்தையும் மிஞ்சாது.