தொட்டிக்குள் வளர்ந்த கை

அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "பொண்ணு பிடிச்சிருக்கு. ஆனா எங்க பிள்ளை இங்க வந்து ரெண்டு நாள் குளிச்சா தலையில முடி தங்காதே" என்று கேலி பேசிவிட்டுத்தான் காபி டம்ளரைக் கீழே வைப்பார்கள். அத்தனை கல்லுத் தண்ணீர். ஆனாலும் அதில் ஒரு வாய்த் தண்ணீரை யாரும் வீணாகக் கொட்ட மாட்டார்கள். அரிசி களைந்தது மாட்டுக்குப் போகும். பாத்திரம் கழுவினது வாழைக்குப் போகும். குறைந்தால் ஊற்றத் தெரியும். எடுத்துக் கொட்டத்தான் அந்த ஊர்க் கைகளுக்குத் தெரியாது.

பூமயில் அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே வாக்கப்பட்டவள்.

அவள் வீட்டில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மகன் சேந்தன் சோறு தின்னாமல் அடம்பிடித்து அப்பனை வாங்க வைத்தது. முக்காலியில் ஏறி நின்று, தீனி ஒட்டின கையைத் தொட்டிக்குள் விட்டு, தண்ணீர் முட்டுகிற இடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் உள்ளங்கையை அப்பிவைப்பான். மீன்கள் வந்து விரலைக் கொத்தும். கூச்சத்தில் வீடே அதிரச் சிரிப்பான்.

ஆறு வயதில், ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவன் போய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் பூமயில் அதைப் பார்த்தாள். கண்ணாடியின் உள்பக்கம், தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில், வெள்ளையாக ஒரு கை. ஐந்து விரலும் தெரிந்தது. சுண்ணாம்பில் முக்கி அப்பினது போல.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. வெளிப்பக்கம் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். தன் உள்ளங்கைக்குள் அது அடங்கியது.

அன்றிலிருந்து அந்தத் தண்ணீரை அவள் மாற்றவே இல்லை. அவன் கை பட்ட தண்ணீர் அல்லவா. வெயிலில் தொட்டி வற்றும். வற்ற வற்ற, ஊர்க் கல்லுத் தண்ணீரான போர்த் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவாள். வற்றும். ஊற்றுவாள்.

கை வளர்ந்தது.

முதலில் அவளுக்கு அது மனப்பிரமை என்று தோன்றியது. பிறகு தினமும் அளந்து பார்த்தாள். விரல்கள் நீண்டன. உள்ளங்கை அகன்றது. "எம்பிள்ளை வளர்றான்" என்று கண்ணாடியில் வாயை வைத்துச் சொன்னாள். கண்ணாடி சில்லென்று இருந்தது.

கை வளர வளர மீன்கள் செத்தன. ஒவ்வொன்றாகத் துடுப்பை மடக்கிக்கொண்டு, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, மறுநாள் மிதக்கும். கடைசியில் ஒரு கறுப்பு ஏஞ்சல் மீன் மட்டும் மிஞ்சியது. சேந்தன் அதைத் தன் பங்காளி என்பான். அது எந்நேரமும் அந்தக் கைக்கு நேராக, ஆடாமல் அசையாமல் நின்றது. கரண்டு போய் காற்று மோட்டார் நின்ற சமயங்களில், தொட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வரும். மீன்தான் அந்தக் கையைக் கொத்துகிறது என்று பூமயிலுக்குத் தெரியும். இருந்தாலும் உள்ளேயிருந்து யாரோ நகத்தால் கூப்பிடுவது போலவே கேட்கும்.

புருஷன் தவசி, மீன் வாங்கின வளர்ப்புமீன் கடையில் விசாரித்துவிட்டு வந்தான்.

"தண்ணியில கல்லு ஏறிப்போச்சாம் பூமயிலு. அதைக் குறைக்கணுமாம். மழைத்தண்ணி கலந்து, காஞ்ச வாதாம் இலை போட்டு, கொஞ்சங்கொஞ்சமா மாத்தினா அந்த ஒண்ணாவது பிழைக்கும்ங்கிறான்."

"மாத்தினா கை?"

"கையா? அது உப்புக்கறை. தண்ணி மாறினா தானா கரைஞ்சு போயிரும்."

பூமயில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அதன்பிறகு தவசி அந்த அறைப் பக்கமே வருவதில்லை. வாசலில் நிற்கும் தன் லோடு ஆட்டோவில் படுத்துக்கொண்டான்.

ஊருக்கு மேற்கே, மூடிப்போன தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று உண்டு, ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். அங்கே தனக்கொடியம்மா இருந்தார். பூமயிலைவிட வயதில் சின்னவர். உபதேசம் எதுவும் சொல்ல மாட்டார். வருகிறவர்கள் அவரோடு உட்கார்ந்து இருந்துவிட்டுப் போவார்கள். மகன் போனதிலிருந்து பூமயில் அவருக்குச் சீடப்பெண். இவள் அவரை அம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார்.

"அம்மா, மீன் சாகப்போகுது. தண்ணிய மாத்தினா பிழைக்கும். மாத்தினா கை போயிரும்."

"உங்களுக்கு எது வேணும் அக்கா?"

"ரெண்டும் வேணும். ஒரு வழி சொல்லுங்க."

குரு எழுந்துபோய் ஓர் அலுமினியச் சட்டியை அடுப்பில் வைத்து, ஒரு டம்ளர் போர்த் தண்ணீர் ஊற்றினார். அது கொதித்து, சுண்டி, காய்ந்தது. இன்னொரு டம்ளர் ஊற்றினார். அதுவும் காய்ந்தது. மறுபடி ஊற்றினார்.

"தண்ணி எங்க போச்சு?"

"ஆவியா போச்சு."

குரு சட்டியைச் சாய்த்துக் காட்டினார். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இது?"

"இது போகல."

"இன்னும் ஊத்தவா?"

பூமயில் சட்டியைத் தள்ளி வைத்தாள். "நீங்க வந்து ஒருதரம் பாருங்கம்மா. பார்த்தா உங்களுக்கே மனசு வராது."

மறுநாள் குரு அவள் வீட்டுக்கு வந்தார். வெளியே நல்ல வெயில். அந்த அறைக்குள் மட்டும் ஈரச் சுவர் வாடை அடித்தது. குரு தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். கறுப்பு மீன் திரும்பிப் பார்க்கவில்லை.

குரு தன் வலது கையை நீட்டி, கண்ணாடிமேல் அந்தக் கைக்கு நேரே வைத்தார். அவர் கை அதற்குள் அடங்கிப்போனது. சுற்றிலும் விரற்கடை அகலத்துக்கு வெள்ளை மிச்சம் இருந்தது.

"யார் கை அக்கா இது?"

"எம்பிள்ளை கை."

"அவனுக்கு என்ன வயசு?"

"ஆறு."

"இது ஆறு வயசுக் கையா?"

பூமயில் பார்த்தாள். தினமும் பார்த்ததுதான். இன்னொருத்தர் கையை வைத்து அளந்தபோதுதான் அது எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. விரல்கள் அளவுக்கு மீறி நீண்டிருந்தன. நுனிகள் தடித்திருந்தன. இப்படிப்பட்ட கை அவள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

"அவன் வளர்றாம்மா" என்றாள்.

"எதைத் தின்னு?"

தொட்டிக்குள் மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

பூமயிலுக்கு என்ன ஆனதோ, பின்கட்டுக்கு ஓடினாள். மாடியிலிருந்து இறங்கின மழைத்தண்ணீர் டிரம்மில் இருந்தது. ஒரு வாளி மொண்டுவந்தாள். வலையைப் போட்டு மீனை அள்ளி அந்த வாளிக்குள் விட்டாள்.

மீன் ஒரு சுற்றுச் சுற்றியது. விறைத்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

"ஐயோ, நல்ல தண்ணிதானேம்மா விட்டேன்!"

"திரும்பத் தொட்டியில விடுங்க."

"அங்கயும் சாகத்தானே போகுது?"

"விடுங்க அக்கா. இவ்வளவு நாளும் கல்லுல கிடந்த உடம்பு. ஒரேயடியா நல்லது வந்தா தாங்காது."

விட்டாள். கொஞ்ச நேரம் அது தலைகீழாகத் தொங்கியது. பிறகு நடுங்கிக்கொண்டே நிமிர்ந்து, மறுபடி அந்தக் கைக்கு நேரே போய் நின்றது.

குரு ஒரு டம்ளர் கேட்டார். தொட்டியில் முக்கி நிறைய மொண்டு, அவளிடம் நீட்டினார்.

"கொட்டுங்க."

பூமயில் டம்ளரை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கறிவேப்பிலைச் செடிக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கை சாயவே இல்லை. "எனக்கு வரலம்மா" என்று அங்கிருந்தே அழுதாள். வெயில் செடியைத் தாண்டிச் சுவரில் ஏறிய பிறகுதான் கையைச் சாய்த்தாள். மண் அதை உறிஞ்சிக்கொண்டது. சத்தம்கூட வரவில்லை.

திரும்பி வந்து, கொட்டின இடத்துக்கு ஒரு டம்ளர் மழைத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள்.

"நாளைக்கு?" என்றாள்.

"நாளைக்கும் ஒரு டம்ளர்."

அப்படியே செய்தாள். தினமும் ஒரு டம்ளர் எடுத்தாள், ஒரு டம்ளர் ஊற்றினாள். வற்றினதை நிரப்பவும் மழைத்தண்ணீர்தான். ஒரு நாள் தவசி ஒரு கைப்பிடி வாதாம் இலையைக் கொண்டுவந்து, கழுவி, தொட்டிக்குள் போட்டான். தண்ணீர் மெல்ல மெல்லச் செம்பழுப்பாகியது.

"டீத்தண்ணி மாதிரியே ஆயிருச்சு" என்றான் கதவோரம் நின்றபடி. "பங்காளிக்கு ஒரு வடை வாங்கிப் போடவா?"

பூமயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு அந்த அறையில் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். தவசி அன்றைக்கு வீட்டுக்குள் படுத்தான்.

கை சிறுத்துக்கொண்டு வந்தது.

விளிம்பிலிருந்து கரைந்தது. தடித்த நுனிகள் முதலில் போயின. முரட்டு ஆம்பிளைக் கையாக இருந்தது, தவசி கையளவானது. பிறகு பூமயிலின் கையளவானது. அன்றைக்கு அவள் தன் கையை அதன்மேல் வைத்தபோது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து தானே தன்னைத் தடுப்பது போல இருந்தது. பிறகு அதைவிடச் சின்னதானது. வளர்ந்த பாதையிலேயே அது திரும்பி நடந்துகொண்டிருந்தது.

மீன் துடுப்பை விரித்தது. போட்ட தீனியைத் துப்பாமல் விழுங்கியது. ஒரு நாள் காலையில் கைக்கு நேரே அது இல்லை. பூமயில் பதறித் தேடினாள். தொட்டியின் மறுகோடியில், வெளிச்சம் விழுகிற பக்கம் நின்றுகொண்டிருந்தது.

ஒரு மதியம், டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணாடியில் சேந்தனின் கை இருந்தது.

அவன் கை மாதிரி இல்லை. அவன் கையேதான். இவ்வளவு நாளும் அதிகமாக அப்பிக்கிடந்த வெள்ளை நீங்கி, சுண்டுவிரலின் நுனி உள்பக்கமாக லேசாக வளைந்திருந்தது தெரிந்தது. பிறந்த அன்றே மருத்துவச்சி பார்த்துச் சொன்ன வளைவு. கட்டைவிரல் அடியில் அந்தக் கொழுத்த மேடு. அவள் தன் கையை வைத்தாள். தெருவைத் தாண்டும்போது அவன் கை அவள் கைக்குள் எங்கே தொடங்கி எங்கே முடியுமோ, அங்கே தொடங்கி அங்கேயே முடிந்தது.

வீட்டைப் பூட்டினாள். செருப்புக்கூடப் போடாமல் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடினாள்.

குரு முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வந்துட்டான். இன்னிக்குத்தாம்மா. அச்சு அசலா அவன் கை."

குரு முறத்தைக் கீழே வைத்தார்.

"இதோட நிறுத்திக்கிறேம்மா. இனிமே டம்ளர் வேண்டாம். மீனும் தின்னுது."

"சரி. நிறுத்தினா?"

பூமயில் யோசித்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"வத்தும். எதையாவது ஊத்தணும். டிரம் காலியாயிட்டா போர்த் தண்ணிதான். திரும்ப வளரும். அந்தப் பழைய கை வந்துரும்." அவள் விரலை மடக்கி எண்ணினாள். "நிறுத்தலைன்னா நாளைக்கு அஞ்சு வயசுக் கை. அப்புறம் மூணு. அப்புறம் பால்குடி. அப்புறம் வெறுங் கண்ணாடி."

"ஆமா."

"வளரவும் வேண்டாம், கரையவும் வேண்டாம். இப்படியே, இந்த அளவுலயே நிக்க வைக்க ஒரு வழி இல்லையாம்மா? உங்களுக்குக்கூடத் தெரியாதா?"

குரு அவள் காலைப் பார்த்தார். ஓடிவந்த வழியெல்லாம் முள்ளும் சரளையும். ரத்தம் கசிந்திருந்தது.

"இப்ப வீட்டுல யாரு இருக்கா?"

"யாருமில்ல. அவுக லோடு ஏத்திப் போயிருக்காக. நான் பூட்டிட்டு வந்துட்டேன்."

"இன்னிக்கு அவன் கை அங்க இருக்கு" என்றார் குரு. "நீங்க ஏன் அக்கா இங்க இருக்கீங்க?"