கடைசியாகத் தொட்டது யார்

"டீச்சர், நான் எப்பக் கடையைத் திறக்கலாம்?"

கேட்டவர் ஆவுடையப்பன். மில்லை மூடிய பிறகு, ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ளக் கிளம்பியவர். போன இடத்திலெல்லாம் நரைத்த தலையைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ரிப்பேர் கடை வைத்து, வேலையும் சொல்லிக்கொடுத்த தங்கபுஷ்பம் டீச்சர் மட்டும் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, "உக்காருங்க அண்ணாச்சி" என்றார்.

டீச்சருக்கு அவரைவிட வயது ரொம்பக் குறைவு. இருந்தாலும் அன்றிலிருந்து டீச்சர் சொல்வதுதான் ஆவுடையப்பனுக்கு வேதவாக்கு.

இப்போது கல்லிடைக்குறிச்சியில் அவருக்குச் சொந்தமாக ஒரு கடை தயார். பெயர்ப் பலகைகூட எழுதி மாட்டி, மேலே செய்தித்தாளை ஒட்டி மூடியிருந்தது. அந்தத் தாளை எப்போதுதான் கிழிப்பீர்கள் என்று வீட்டில் தினமும் திட்டு விழுந்தது. டீச்சர் உத்தரவு கொடுக்காமல் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

டீச்சர் மேசை மேலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"இது என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது டீச்சர். கரண்ட் குடுத்தா ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுது."

"இது முதல்ல ஓடட்டும். அப்புறம் கடையைப் பத்திப் பேசுவோம்."

அது போட்டோ ஸ்டுடியோ இசக்கியின் கம்ப்யூட்டர். தூசி எடுக்க வந்தது. எடுத்து முடித்து, ஓட்டியும் பார்த்தாயிற்று. மறுநாள் ஆயுத பூஜை. கடையிலிருந்த எல்லாவற்றுக்கும் டீச்சர் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். சால்டரிங் அயனுக்கும் பொட்டு, ஸ்டூலுக்கும் பொட்டு. லீவு முடிந்து வந்து பார்த்தால் மற்றதெல்லாம் ஓடுகிறது, இது மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஆவுடையப்பன் மறுபடியும் உட்கார்ந்தார். மில்லில் இருந்தபோது மக்கர் பண்ணும் மெஷினைக் காலால் உதைத்தே ஓட்டியவர் அவர். இங்கே டீச்சர் வைத்த பொட்டு கலைந்துவிடாமல் பெட்டியைப் பூப்போலப் பிடித்துத் திருப்பினார்.

மதியம்வரை மல்லுக்கட்டினார். ஃபேன் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றவில்லை.

"ரேம்?" என்று கேட்டார் டீச்சர்.

"ரப்பரை வச்சுத் தேச்சாச்சு."

"பவர் சப்ளை?"

"வேற மாட்டிப் பாத்தாச்சு."

"போர்டு?"

"நம்ம போர்டைப் போட்டும் பாத்துட்டேன். அப்பவும் இதே கததான்."

"நீங்க வந்த முத நாளே நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"கழட்டுறதுக்கு முன்னால, கடைசியாத் தொட்டது யாருன்னு கேக்கணும்னீங்க."

"கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? இசக்கிகிட்டக் கேட்டேன். குடுத்ததோட சரி, அவன் இந்தப் பக்கமே வரலையாம். பூஜைக்குச் சீரியல் லைட்டு போட வந்த எலக்ட்ரீஷியன்கிட்டக் கேட்டேன். பிளக்கைக்கூடத் தொடலைங்கறார். தூசி எடுத்து ஓட்டிப் பாத்ததுக்கு அப்புறம் நானும் தொடலை. வேற யாரு இருக்கா?"

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குவது போலிருந்தது.

பிறகு எழுந்து வந்தார். திறந்து கிடந்த பெட்டிக்குள் கையை விட்டு, போர்டின் ஓரத்தில் செருகியிருந்த ஒரு சின்ன ஒயரை உருவினார். ஒயர் இருந்த இடத்தில் இரண்டு ஊசி முனைகள். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்து ஒரு தொடு தொட்டார்.

ஃபேன் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

ஆவுடையப்பன் திறந்த வாயை மூடவில்லை.

டீச்சர் அதை அணைத்தார். ஒயரைப் பழையபடி செருகினார். கரண்டைக் கொடுத்தார். ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுபோனது.

"நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அப்படியானால் போர்டில் கோளாறு இல்லை. பவர் சப்ளையிலும் இல்லை. ஆவுடையப்பன் அந்த ஒயர் மேல் விரலை வைத்து, அது போகிற வழியே தடவிக்கொண்டு போனார். ஒயர் பெட்டிக்குள்ளேயே வளைந்து, முன்பக்கத்துக்கு வந்து, பவர் பட்டனுக்குப் பின்னால் முடிந்தது.

பெட்டியைத் திருப்பினார்.

பட்டனின் நட்ட நடுவில் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

அவர் விரல் தானாகப் பின்னால் வந்தது. இத்தனை நாளும் அந்தப் பொட்டு கலையாமல், ஓரத்தை மட்டும் தொட்டு அழுத்தியிருக்கிறார். இப்போதுதான் குனிந்து பார்த்தார். சந்தனம் பட்டனைச் சுற்றி இடுக்கில் இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது. அழுத்திய பட்டன் வெளியே வரமுடியாமல் அப்படியே உள்ளே ஒட்டிக்கிடந்தது. பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் அணையத்தானே செய்யும்.

டீச்சர் திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றார்.

"டீச்சர், கடைசியாத் தொட்டது..."

"சொல்லுங்க."

"நீங்க."

"ஆமா" என்றார் டீச்சர். "ஈரத்துணி அங்க கிடக்கு பாருங்க."

துடைக்கத் துடைக்கச் சந்தன வாசம் அடித்தது. இடுக்கில் இருந்ததை பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தார். பட்டன் டிக்கென்று வெளியே வந்தது. இந்த முறை நடுவிலேயே அழுத்தினார். திரையில் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு சிரித்தார்கள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

"லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

டீச்சர் சாமி படத்தடியில் இருந்த கிண்ணத்தை எடுத்தார். சந்தனப் பொடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார்.

"பொட்டு அழிஞ்சிட்டே அண்ணாச்சி. நல்லா இருக்காது."

சந்தனம் தோய்ந்த விரல் நேரே பட்டனை நோக்கி வந்தது.

ஆவுடையப்பன் உள்ளங்கையால் பட்டனை மூடினார்.

"அங்க வேண்டாம் டீச்சர்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

டீச்சர் பொட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். விரலில் மிச்சமிருந்ததை ஈரத்துணியில் துடைத்தார்.

"போய்ப் பேப்பரைக் கிழிங்க" என்றார்.