தப்பு யாரால் நடந்தது

துறவு வாங்குகிற நாளில் தனக்குத் தானே கருமாதி செய்துகொள்வது எங்கள் மடத்து வழக்கம். பழைய வாழ்க்கை முடிந்தது என்று அதற்கு அர்த்தம். இது மடத்துப் பசுமாட்டுக்குக்கூடத் தெரியும்.

வேதாசலத்துக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் கட்டிய மனுஷர், ஓய்வு பெற்றபின் சீடராக வந்து மடத்துப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். சமையல் பார்க்கிற செங்கமலத்தம்மாள் போன தை மாதம் துறவு வாங்கினாள். இவர் 'காலமானார்' என்று எழுதி, நகலை அரசு அலுவலகத்துக்கும் அனுப்பிவைத்தார். யார் கேட்டது இவரை?

அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "இவங்க இறந்துட்டாங்களே" என்று திருப்பி அனுப்பினார்கள்.

"போய்ச் சரிபண்ணிட்டு வாங்க" என்று வேதாசலத்திடம் சொன்னார் மடத்துத் தலைவரான சாமி. சாமி வேதாசலத்தைவிட இருபது வயது இளையவர். அதனால் கோபத்திலும் வாங்க போங்கதான்.

வேதாசலம் மத்தியானமே சிரித்த முகமாகத் திரும்பினார்.

"முடிஞ்சது சாமி. அம்மாவோட பதிவையே எடுத்துடச் சொல்லிட்டேன். இப்ப செத்ததா எங்கேயும் இல்லை. சுத்தமாயிடுச்சு."

மறுநாள் செங்கமலத்தம்மாள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்களாம்.

"நேத்தாவது செத்துப்போனவளா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் உப்பு ஜாடியைத் தடவித் தேடினாள்.

சாமி வேதாசலத்தைக் கூப்பிட்டார்.

"திருத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலையா?"

"அதுக்கும் படிவம் இருந்தது சாமி."

"அப்புறம் என்ன?"

"அதுல, தப்பு யாரால நடந்ததுன்னு ஒரு கட்டம். எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"நீக்கற படிவத்துல?"

"அந்தக் கட்டம் இல்லை."

சாமி தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே" என்று மட்டும் சொன்னார்.

மனுஷர் அதோடு விட்டாரா? மடத்துப் பதிவேட்டைப் பிரித்தார். "இந்தப் பக்கத்தையும் கிழிச்சுடறேன் சாமி. புதுசா ஒரு பக்கம் அழகா எழுதிடலாம். நடந்தது யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அந்தப் பக்கத்துல வேற என்ன இருக்கு?"

"அம்மா மடத்துக்கு வந்த தேதி. இருபத்தாறு வருஷமா செஞ்ச வேலை. துறவு அன்னைக்கு அவங்களே போட்ட கையெழுத்து."

"நீங்க எழுதினது?"

"ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனையும் போகணுமா?"

வேதாசலம் பக்கத்தை விட்டுக் கையை எடுத்தார். சாமி அவர் கையில் பேனாவைக் கொடுத்தார்.

"கோடு போட்டு அடிங்க. அடிச்சது தெரியட்டும். பக்கத்துல, 'உயிரோடு இருக்கிறார், தப்பு என்னால் நடந்தது'ன்னு எழுதி உங்க பேரைப் போடுங்க. காலையில ஆபீஸுக்கும் போய் இதையே எழுதிக் கொடுங்க."

வேதாசலம் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்கமா இருக்கு சாமி. பின்னால வர்றவன் எல்லாம் இதைப் படிப்பானே."

"பின்னால வர்றவன் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கண்ணு தெளிஞ்சதும், அந்த அம்மா வந்து முதல்ல இதைத்தான் படிக்கப்போறாங்க. அவங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க" என்றார் சாமி.